உலக்கையின் கணக்கு



ஓர் ஆசிரியையின் நினைவாக நிறுவப்பட்ட அறக்கட்டளை இது. முப்பது ஆண்டுக்கு மேல் பள்ளிக்கும் போய்வந்து, வீட்டில் மூன்று வேளையும் தம் கையாலேயே சமைத்தவர் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தீர்கள். எனக்குத் தந்த பொருள் ‘நலமான உணவும் உள்ளூர் வேளாண்மையும்’. பொருளைப் படித்த கண், மேலே போகாமல் அந்த ‘மூன்று வேளையும்’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. இன்றைய பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

வேளாண்மை விரிவாக்கப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவள் நான். இந்த மாதிரி மேடைகளில் என்ன பேசுவோம் என்பது உங்களுக்கே மனப்பாடமாகியிருக்கும். முன்னோர் கம்பும் கேழ்வரகும் சாமையும் தின்று கல்லுக்குண்டு போல இருந்தார்கள், நாம் வெள்ளை அரிசிக்கும் பரோட்டாவுக்கும் மாறி நோயை வாங்கிக்கொண்டோம், வாருங்கள் திரும்பிப் போவோம் என்போம். நானும் அப்படிப் பேசியிருக்கிறேன்; கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அதில் பொய் அதிகம் இல்லை. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. ஆனால் அத்தனை மேடைகளிலும் நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. அவ்வளவு நல்ல தானியத்தை நம் வீடுகள் ஏன் கைவிட்டன?

நாக்கு கெட்டுவிட்டது என்பதுதான் வழக்கமான பதில். அது தவறு என்று எனக்கு முதலில் காட்டியவர் எங்கள் ஆயா.

எங்கள் ஊர் அரூர்ப் பக்கம். மானாவாரி பூமி, மழை பெய்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. சாமை, கேழ்வரகு, கம்பு, கொள்ளு இவைதான் வெள்ளாமை. ஆயாவுக்குச் சாமைச் சோறு என்றால் உயிர் என்று வீட்டில் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிறுதானியம் பற்றி ஒரு துண்டறிக்கை எழுத வேண்டி வந்தது. ஊருக்குப் போனபோது, “ஏன் ஆயா, இப்பல்லாம் சாமை ஆக்கறதே இல்ல?” என்று கேட்டேன். அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். விரல்களின் அடியில் வரிசையாகக் காய்ப்பு, உலக்கை பிடித்துக் காய்த்தது. “குத்தறதுக்கு நீ வர்றியா?” என்றார். துண்டறிக்கையில் அதை எழுத இடமில்லை.

குத்துவது என்றால் என்னவென்று இங்கிருக்கும் இளையவர்களுக்குக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சாமையை முதலில் வெயிலில் போட வேண்டும். காய்ச்சல் போதாவிட்டால் உமி பிடிவிடாது, மீறிக் காய்ந்தால் அரிசி நொறுங்கும். உரலில் கொட்டி, மணி சிதறாமலிருக்கச் சுற்றிலும் குந்தாணி வைத்து, பூண் கட்டிய உலக்கையால் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போடுவார்கள். அள்ளி முறத்தில் புடைத்து உமியைத் தள்ள வேண்டும். மறுபடி உரலில் கொட்ட வேண்டும், மறுபடி குத்த வேண்டும், மறுபடி புடைக்க வேண்டும். பிறகு கொழித்து நொய்யையும் கல்லையும் பிரிக்க வேண்டும். சாமை மிகச் சின்ன மணி. வயலின் பொடிக்கல்லும் அதே அளவில்தான் இருக்கும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் அடுப்புப் பற்றவைக்கிற பேச்சு. விடிவதற்கு முன் உலக்கைச் சத்தம் கேட்டால்தான் காலையில் சோறு. அதன் பிறகு களையெடுக்கப் போக வேண்டும்.

சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலேயே வள்ளைப்பாட்டு இருக்கிறது என்று தமிழாசிரியர்கள் பெருமையோடு சொல்வார்கள். எனக்கும் அதில் பெருமைதான். பாட்டு இல்லாமல் நகராத வேலை அது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். நடவுக்குப் பாட்டு உண்டு, ஏற்றத்துக்கு உண்டு, உலக்கைக்கு உண்டு. திண்ணையில் சாய்ந்து வெற்றிலை போடுவதற்கென்று ஒரு தொழிற்பாட்டு நான் கேட்டதில்லை.

இனி தானியத்துக்குள் போவோம். ‘சிறுதானியம்’ என்று ஒரே சொல்லில் கட்டிவிடுகிறோமே, அதற்குள் இரண்டு சாதி இருக்கிறது. கேழ்வரகு, கம்பு, சோளம் இவற்றின் கதிரை அடித்தால் மணி அநேகமாக வெறும் மேனியாகவே வந்துவிடும். சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகியவை அப்படியல்ல. கெட்டியான உமிக்குள் இருப்பவை. இவற்றில் வரகு மகா பிடிவாதம். அதற்கென்றே களிமண்ணால் செய்த திருகை எங்கள் பக்கத்தில் தனியாக இருந்தது. கல் திருகையில் போட்டால் அரிசி மாவாகிவிடும். கோபுரக் கலசத்தில் வரகை நிரப்பி வைப்பதும் இந்த உமியை நம்பித்தான். உள்ளே இருக்கும் மணிக்குப் பல ஆண்டு காவல் காப்பது அதுவே. கலசத்தில் காவல், உரலில் சுமை.

கேழ்வரகுக்கு உமிச் சங்கடம் இல்லை. அதன் மேல்தோல் மணியோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே மாவோ மெத்தென்றிருப்பது. அரிசியைத் தீட்டுவது போல அதைத் தீட்டினால் நொறுங்கிப் போகும். அதனால் தோலோடு சேர்த்து அரைத்து மாவாக்கித்தான் காலங்காலமாகத் தின்றோம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் 10 மில்லிகிராம்தான். நமக்கு அது வாய்த்ததற்குக் காரணம் கேழ்வரகைத் தீட்ட முடியாமல் போனதும்தான்.

இப்போது பாருங்கள். ஊருக்கு மின்சாரம் வந்து, மாவு மில் வந்தது. கேழ்வரகை ஒரு கூடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் மாவாகத் திரும்பியது. பெண்ணின் தோளிலிருந்து திருகை இறங்கியது. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இன்றைக்கும் களி கிண்டுகிறார்கள். சாமையை அந்த மில்லில் போட முடியாது. உமியும் சேர்ந்து அரைபடும். நெல் குத்துகிற மில்லிலும் போட முடியாது. மணி சின்னது, பாதி நொறுங்கும், மீதி உமியோடு நழுவிவிடும். சாமை அடுப்பங்கரையை விட்டுப் போனது. ஒரே ஊர், ஒரே குடும்பம், ஒரே நாக்கு. கேழ்வரகு பிழைத்தது, சாமை பிழைக்கவில்லை. நாக்கின் மேல் பழி போடுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சாமை போன இடத்தில் வந்து உட்கார்ந்தது ரேஷன் அரிசி. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் விலையே இல்லை. அதைத் தின்று கெட்டோம் என்று பேசுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. பஞ்ச காலம் பார்த்த ஊரில் பிறந்தவள் நான். அந்தப் பேச்சுக்குத் தலையாட்ட என்னால் முடியாது. விலை இல்லாததோடு அந்த அரிசிக்கு இன்னொரு குணமும் இருந்ததை யாரும் சொல்வதில்லை. அது குத்தியே வந்தது. அரசாங்கம் கொடுத்தது இருபது கிலோ அரிசி மட்டும் அன்று. அதைக் குத்துகிற நேரத்தையும் சேர்த்தே கொடுத்தது. சாமை அந்த நேரத்தைத் தரவில்லை.

மில் வந்தால் சத்து போய்விடுமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு நம் நீலகிரியிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில், ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர், பி1 உயிர்ச்சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அந்த அறைதான் வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி பெரிதும் தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில்தான் இருந்தது. அங்கே மில்லில் நன்றாகத் தீட்டிய பச்சரிசி தின்றார்கள். தமிழ் மாவட்டங்களிலும் மில் அரிசி தின்றவர்கள் உண்டு, ஆனால் அது புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது. நம்மைக் காத்தது நெல் அவித்த அண்டா. மெக்கரிசனுக்குப் பின் குன்னூர் ஆய்வகத்தை நடத்திய அய்க்ராய்டும் இதை விளக்கியிருக்கிறார்.

அதே காலத்தில் கைக்குத்தல் அரிசிக்காகக் கொடி பிடித்தவர் ஜே.சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்து, 1934இல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தி, கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் டி. கல்லுப்பட்டியில் வாழ்ந்தவர். அவர் மேல் எனக்கு அளவற்ற மரியாதை. மில் வந்தால் தவிடு போகும், கூலிக்குக் குத்திப் பிழைக்கும் ஏழைப் பெண்ணின் வருமானமும் போகும் என்றார். இரண்டும் நடந்தன. குத்துக்கூலியை நம்பியிருந்த கைம்பெண்கள் பலருக்கு மில் சோற்றில் மண் போட்டது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உலக்கையில் கூலி உலக்கை, வீட்டு உலக்கை என்று இரண்டு உண்டு. வீட்டு உலக்கைக்குக் கூலி இல்லை, ஓய்வு இல்லை, வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இல்லை. கைக்குத்தலைப் புகழ்ந்து எழுதியவர்களில் குத்தியவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், குமரப்பா மீதுள்ள மரியாதை குறையாமலே அவரோடு வாதாடலாம்.

கொல்லிமலைக்கு வருகிறேன். நாமக்கல் மாவட்டம், எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் மேலே வளப்பூர் நாடு, சேலூர் நாடு, அரியூர் நாடு என்று நாடு நாடாக ஊர்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையிலேயே பல ரகம் வைத்திருந்தார்கள்: பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச் சாமை, திரிகுலச்சாமை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டம், ஒரு மண், ஒரு ருசி. அந்த நிலத்தில் பாதிக்குமேல் மரவள்ளி ஏறிவிட்ட ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். கிழங்கைப் பிடுங்கிப் போட்டால் லாரி வந்து ஏற்றிக்கொண்டு சேலத்து ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது, கையில் பணம். சாமையை அறுத்தால் வீட்டில் உலக்கை காத்திருக்கிறது. எதை விதைப்பார்கள்?

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அந்த மலையில் வேலை செய்துவருகிறது. விதையைக் காப்பாற்றத்தான் போனார்கள். விதைக்குப் போன வழி உரலைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. உமி நீக்கும் சிறு எந்திரங்களை ஊர்களில் வைத்து, மகளிர் குழுக்களின் பொறுப்பில் விட்டார்கள். அந்த எந்திரம் உலக்கை போல இடிப்பதில்லை. சுழலும் வட்டு மணியை வீசிச் சுவரில் அடிக்கிறது. உமி விரிசல் விடுகிறது. காற்று ஊதி உமியைப் பிரிக்கிறது. சாமை பழைய பரப்பை மீட்டுவிட்டதா என்றால், இல்லை. மரவள்ளி இன்னும் நிற்கிறது. ஆனால் வீட்டுச் சாப்பாட்டுக்காவது ஒரு துண்டு நிலத்தில் விதைப்போம் என்ற பேச்சுக்கு இடம் பிறந்தது. விழிப்புணர்வுப் பேரணி நடத்தி நான் செய்யாததை அந்த எந்திரம் செய்தது.

எந்திரம் வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். வேறொரு மலையூரில் ஒன்றைப் பார்த்தேன். யார் கொடுத்தது என்பது இங்கே வேண்டாம். திறப்பு விழாக் கல்வெட்டு பளபளவென்றிருந்தது, எந்திரத்தின் மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சல்லடை தேய்ந்துபோய் ஆறு மாதம். மாற்றுச் சல்லடைக்குக் கோயம்புத்தூர் போக வேண்டும். போகிற செலவு யார் கணக்கில் என்பதில் தகராறு. மும்முனை மின்சாரம் இரவில்தான் வந்தது. மோட்டார் வாங்கப் பணம் ஒதுக்கியவர்கள் சல்லடைக்கு ஒதுக்கவில்லை. நம் திட்டங்கள் பலவும் கெடுவது இந்தச் சல்லடையில்தான்.

உள்ளூரில் மில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? வேடிக்கையான ஒன்று ஆகும். நம் மலைச் சாமை உமியோடு மலிவாக வியாபாரி கைக்குப் போய், மகாராஷ்டிரத்து நாசிக் ஆலைகளில் தோலுரிந்து, அரிசியாக இங்கேயே திரும்பி வந்து, ‘பாரம்பரிய உணவு’ என்று ஒட்டிய பையில் விற்கும். விளைவித்தவருக்குச் சேர வேண்டிய கூலி வழியிலேயே இறங்கிவிடும். அவ்வளவு தூரம் போய்வரும் அரிசி கெடாமல் இருக்க வேண்டுமே, அதற்காகத் தீட்டுவார்கள். சாமையின் முளைப்பகுதியில் எண்ணெய் உண்டு. தீட்டாமல் வைத்தால் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். தீட்டத் தீட்ட நார் போகும், தவிட்டில் இருந்த சத்து போகும். கடையில் பால்போல வெள்ளையாகச் சாமை அரிசி பார்த்தால் சந்தேகப்படுங்கள். சர்க்கரைக்கு நல்லது என்று நம்பிக் கிலோ நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்குகிறோம்; வாங்கியது எதை விட்டு ஓடினோமோ அந்த வெள்ளை அரிசியின் தம்பியாக இருக்கலாம். பக்கத்து ஊரில் மில் இருந்தால் பதினைந்து நாளுக்கு வேண்டியதைக் குத்தி வாங்கிக்கொள்ளலாம். தீட்ட வேண்டிய அவசியமே வராது. உள்ளூர் உணவு என்று நான் சொல்வதன் பொருள் இதுதான். அதில் ஊர்ப்பற்று எதுவும் இல்லை, சிக்கு வாடைதான் காரணம்.

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை காய்கறிக்கு எவ்வளவு செய்தது என்று நாம் கண்டோம். கத்திரிக்காய்க்கும் அடுப்புக்கும் நடுவில் ஓர் அரிவாள்மனை போதும். அதனால் உழவரும் வீட்டாரும் நேருக்கு நேர் நின்றால் வியாபாரம் முடிந்தது. சாமைக்கு நடுவில் ஒரு மில் நிற்க வேண்டும். அதைக் கட்டாமல் சந்தையை மட்டும் கட்டினால், சாமைக்காரர் வர மாட்டார்.

மில்லுக்குத் தீனியும் வேண்டும். ஆண்டுக்கு இரண்டு மாதம் ஓடுகிற எந்திரம் கோழிக்குத்தான். நிலையாக வாங்கும் ஒரு பெரிய கை தேவை, அது அரசின் கையாகத்தான் இருக்க முடியும். 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே அரிசி, கோதுமையோடு சிறுதானியமும் இருக்கிறது. 2017இல் ஒடிசா தொடங்கிய சிறுதானிய இயக்கம், பழங்குடி மாவட்டங்களின் கேழ்வரகை அரசே வாங்கி, ரேஷனிலும் அங்கன்வாடிக் குழந்தைகளின் லட்டிலும் சேர்த்தது. இங்கே 2023இல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் அரிசி விரும்பாதவர்களுக்கு அட்டைக்கு இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல தொடக்கம். கவனியுங்கள், அதுவும் உமியில்லாக் கேழ்வரகுதான். பள்ளிக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தபோது, உள்ளூரில் விளையும் சிறுதானியத்தையும் வாரத்தில் சில நாள் சமைத்து வழங்கலாம் என்ற பேச்சு இருந்தது. அந்த ‘லாம்’ விகுதியில் சாமை சிக்கிக்கொண்டிருக்கிறது. அதை ‘வேண்டும்’ ஆக்கிவிட்டால், மலையூர் மில்களுக்கு வேலை தேடி அலைய வேண்டியதில்லை.

வீட்டுக்குள் வருவோம். 2019இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளுக்கு 299 நிமிடம் அதில் செலவிடுகிறாள் என்றும், ஈடுபடும் ஆண் 97 நிமிடம் என்றும் சொல்கிறது. ஈடுபடாத ஆண்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. வீட்டுச் சாப்பாட்டின் பெருமையை மேடையில் பேசுகிற நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது, நேற்று இரவு பாத்திரம் கழுவியது யார் என்பதுதான்.

தட்டைப் பற்றி ஒன்று மட்டும். நம் நாளுணவில் தானியத்திலிருந்து வரும் ஆற்றல் 45 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்கிறது 2024இல் வெளிவந்த தேசிய உணவு வழிகாட்டி. அதாவது அரிசிக்குப் பதில் சாமையை மலைபோல் குவித்துத் தின்றாலும் பயனில்லை. ஆயாவின் கொல்லையில் கேழ்வரகுச் சால்களுக்கு இடையே ஒரு சால் அவரை, ஒரு சால் துவரை, ஓரத்தில் ஆமணக்கு, அங்கங்கே கடுகு. களிக்கு அவரைக்கொட்டைக் குழம்பு, மறுநாள் கொள்ளுக் கடைசல், மழை பெய்தால் பண்ணைக்கீரை. வயலில் பக்கத்துச் சாலில் நின்றது தட்டிலும் பக்கத்திலேயே வந்து நின்றது. துவரையும் அவரையும் இல்லாமல் சாமையை மட்டும் பையில் வாங்குகிறவர் பாதிச் சமையலைத்தான் வாங்குகிறார்.

முதல்வர் அவர்களே, உங்கள் கல்லூரி விடுதியில் அறுநூறு பேர் சாப்பிடுகிறார்கள் என்று வரும்போது சொன்னீர்கள். தலைக்கு நூறு கிராம் என்றால், வாரம் ஒரு வேளைக்கு அறுபது கிலோ சாமை அரிசி. உமியோடு கணக்கிட்டால் ஏறக்குறைய ஒரு குவிண்டால். பையில் வருவதை வாங்காதீர்கள்; ஒரு மகளிர் குழுவின் மில்லோடு பேசி, பழுப்பு நிறம் மாறாமல் குத்தித் தரச் சொல்லுங்கள். ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே கொடுங்கள், அதில் சல்லடைக்கும் சேர்த்து எழுதுங்கள். அறக்கட்டளையார் எனக்கு வைத்திருக்கும் உறையை நான் பிரிக்கவில்லை. முதல் சல்லடை அதிலிருந்து வரட்டும்.